தொண்டைமானாற்றுக் கதவும் இறாலின் உப்புக் கணக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்பது கீழ்வகுப்புப் பிள்ளைகளும் ஒப்புவிக்கும் பாடம். மாரியில் மாத்திரம் ஓடி மறையும் வழுக்கையாற்றை விலக்கிவிட்டால், சுண்ணக்கற்பாறையின் மேல் அமைந்த இந்நிலத்துக்குக் கிணறே கதி. ஆயினும் வடகரையிலே ஓர் ஊர் ஆற்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. அதுதான் தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குச் செல்வோர் யாவரும் அந்நீரைக் கண்டிருப்பர்; ஆற்றில் இறங்கிக் கால் நனைத்தும் இருப்பர். ஆனால் உண்மையில் அது ஆறன்று. வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள குறுகிய வாய்க்காலையே நாம் ஆறென்று வழங்குகின்றோம்.

சோழமன்னன் ஒருவனின் படைத்தலைவனான கருணாகரத் தொண்டைமான் இங்குள்ள உப்பை ஏற்றிச் செல்லுதற்காக இவ்வாய்க்காலை ஆழப்படுத்தினான் என்றும், அதனாலேயே அவன் பெயர் இதற்கு அமைந்தது என்றும் செவிவழிச் செய்தி உண்டு. இதன் வரலாற்று உண்மையை ஆராய்வது நமது நோக்கமன்று. இந்நீரின் கதை அன்றும் உப்பின் கதை, இன்றும் உப்பின் கதை என்பதே நாம் சொல்ல வந்தது. தொண்டைமான் உப்பை வெளியே கொண்டுபோக வழி தேடினான். நமது காலத்துப் பொறியியலாளர் உப்பை உள்ளே வராமல் தடுக்க வழி தேடினர்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியாற் செல்வோர் வல்லை வெளியைக் கடக்கும்போது, இருமருங்கும் பரந்து கிடக்கும் நீரையும் சேற்றையும் பாராமற் போக முடியாது. மார்கழியிற் சென்றால் வெள்ளம் வீதியோரம் வரை தளம்பி நிற்கும். ஆவணியில் அதே வழியே சென்றால், நீர் வற்றிய சேற்றுத்தரையின்மேல் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருக்கும். வெயிலில் அதைப் பார்க்கக் கண் கூசும். ஓரிடம், ஓராண்டு, ஆனால் மாரியிற் குடிநீருக்குச் சற்றே குறைவான நீர், கோடையிற் கடலினும் கூடிய உவர். நிலத்தில் வாழும் நமக்கு இது வெறுங் காட்சி. அந்நீருக்குள் வாழும் உயிருக்கோ வீட்டின் சுவரும் கூரையும் ஆண்டுக்கு இருமுறை மாறுவதற்கு ஒப்பாகும்.

அவ்வுயிர்களுள் இறாலைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். உயிரியல் பயிலும் மாணவருக்குத் தொண்டைமானாறு என்றதும் அவ்வூர் வெளிக்கள நிலையமும், அதன் பெயரில் வரும் முன்னோட்டப் பரீட்சை வினாத்தாள்களுமே நினைவுக்கு வரும். வினாத்தாளோடு நில்லாமல் நீரையும் பார்க்கட்டும் என்று, நாம் மாணாக்கர் சிலரை மழை ஓய்ந்த ஒரு காலையில் அங்கு அழைத்துச் சென்றோம். கதவின் கடற்புறத்து நீரையும் ஏரிப்புறத்து நீரையும் தனித்தனிச் சோதனைக்குழாய்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் சில துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டோம். கடல்நீரில் தயிர்போல் வெண்ணிற வீழ்படிவு திரண்டது. ஏரிநீரில் தண்ணீர் கலந்த பால்போல் ஒரு மங்கல் மாத்திரமே. இரண்டுக்கும் இடையே இருந்தவை ஒரு வரிசைத் தூணும் சில பலகைக் கதவுகளுந்தான். (வெள்ளி நைத்திரேற்று விரலிற் பட்டால் கறுத்த கறை பல நாள் போகாது என்று முன்னரே சொல்லியும் இருவர் கறையோடேயே வீடு திரும்பினர்.)

அக்கதவுகள் தோன்றிய காரணத்தை அறியாமல் இறாலின் பாட்டை அறிய இயலாது. மழைநீர் கடலுக்கு ஓடி வீணாக, கிணறுகளோ உவராகி வருவதைக் கண்டு, நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954ஆம் ஆண்டில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை வகுத்தார். வன்னியிற் பிறந்து இரணைமடுவை நிரப்பி ஆனையிறவுக் கடனீரேரியில் விழும் கனகராயன் ஆற்றின் நீரை, அவ்வேரியின் இருபுறமும் அணை கட்டித் தேக்குவது. தேங்கிய நீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி ஏரிக்குக் கொண்டுவருவது. அங்கிருந்து உப்பாற்றுக்கும் செல்லவிடுவது. கடல்நீர் உட்புகாதபடி தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள். ஆண்டுதோறும் மழைநீர் தங்கித் தங்கி உவரைக் கழுவ, ஏரிகள் நன்னீராகும். கிணறுகளும் இனிக்கும் என்பது எண்ணம். கதவுகள் 1950களில் எழுந்தன. திட்டமோ முற்றாக நிறைவேறவில்லை. போர்க்காலத்திற் பழுதுற்ற தொண்டைமானாற்றுக் கதவுகள் பின்னர் திருத்தப்பட்டன.

கமக்காரனுக்கு இத்திட்டம் கனவு. கடற்றொழிலாளிக்கு அது கவலை. நாம் சென்ற அன்று சிறகுவலையைக் கரையில் உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மாணாக்கரின் குழாய்களைச் சிறிதுநேரம் நோக்கியிருந்துவிட்டு, “மாஸ்ரர், உதிலை உப்புப் பார்க்க மருந்து வேணுமே? இறாலைக் கேட்டால் அது சொல்லும்” என்றார். மாரி வெள்ளம் ஓடும்போது இறாலும் கடலுக்கு ஓடும் என்றும், கதவு பூட்டியிருந்தால் அது வந்தும் போக வழியில்லை, அடுத்த முறை குஞ்சு வரவும் வழியில்லை என்றும் விளக்கினார். அதே வீதியில் ஒரு கட்டை தூரம் சென்றதும் தேநீர்க்கடையில் நாம் சந்தித்த கமக்காரரோ, “கதவைத் திறந்தால் கடல் உள்ளுக்கு வரும். எங்கடை கிணத்திலை மிளகாய்க் கன்றுக்கு ஊத்தத் தண்ணி இராது, ஐயா” என்றார். இருவர் சொல்லும் உண்மை. இதில் இறாலின் உடல் யாது சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் கக்கிச் சுருங்குவதையும், பாயசத்துக்காக நீரில் ஊறவிட்ட முந்திரிகை வற்றல் பருப்பதையும் எல்லா வீட்டு அடுக்களையிலும் காணலாம். மென்சவ்வின் இருபுறத்தும் உள்ள நீரில் உப்பின் செறிவு வேறுபட்டால், செறிவு குறைந்த புறத்திலிருந்து கூடிய புறத்துக்கு நீர் செல்லும். பிரசாரணம் என்று பாடநூல் இதற்குப் பெயரிடும். இறாலின் உடல் ஓட்டினால் மூடப்பட்டிருப்பினும், சுவாசிக்கும் பூக்கள் மெல்லிய சவ்வுகளாகவே இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒட்சிசன் உட்செல்லாது. ஒட்சிசனுக்குத் திறந்த வாயில் நீருக்கும் உப்புக்கும் திறந்ததே. சந்தையில் மீன் வாங்குவோர் பூவைத் தூக்கிப் பார்த்துப் புதுமையை மதிப்பர். இறாலின் பூவோ சுவாசத்தோடு உப்புக் கணக்கையும் பார்க்கும் இடமாகும்.

கடல்நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு உண்டு. நமது ஏரிகளில் அகப்படும் வெள்ளை இறால், புலி இறால் ஆகியவற்றின் குருதியோ ஏறத்தாழ 25 பங்கு உப்புள்ள நீரோடு சமநிலையிற் காணப்படும். நீர் அதனினும் உவராயின், உடலிலிருந்து நீர் வெளியேற முயலும். இறால் நீரைப் பருகி, மிகுதியான உப்பைப் பூக்களால் வெளியே தள்ள வேண்டும். நீர் அதனினும் நன்னீராயின் நிலைமை தலைகீழாகும். வெளிநீர் உடலுட் பாயும், உடலின் உப்பு வெளியே கசியும். அப்போது நீரைச் சிறுநீராகக் கழித்து, இழந்த உப்பை மீட்க வேண்டும். ஒரே பூ, வைகாசியில் வெளியேற்றும் தொழிலையும் மார்கழியில் உள்ளிழுக்கும் தொழிலையும் செய்கின்றது.

உள்ளிழுக்கும் முறைதான் வியப்புக்குரியது. பூவிலுள்ள சில கலங்களில் இழைமணிகள் நெருங்கி நிறைந்திருக்கும். பெருவேலை நடக்கும் இடத்திற்கே அவ்வளவு எரிபொருள் அடுப்பு வேண்டும். அக்கலங்களின் உட்புறச் சவ்வில் ஒரு நொதியம் இறைப்பான்போல் இயங்கி, மூன்று சோடியம் அயன்களைக் குருதிப் பக்கத்துக்கு இறைத்து இரண்டு பொற்றாசியம் அயன்களைக் கலத்துள் எடுக்கின்றது. இதனாற் கலத்துள் சோடியம் எப்போதும் அருகியே இருக்கும். நன்னீரிற் சோடியம் அதனினும் அருகியதாதலால், வெளிப்புறச் சவ்வில் வேறோர் இறைப்பான் ஐதரசன் அயனை வெளியே தள்ளுகின்றது. அதனால் தோன்றும் மின்னிழுவை வெளிநீரின் சோடியத்தை உள்ளே கவர்கிறது. குளோரைட்டோ இருகாபனேற்று ஒன்றுக்குப் பண்டமாற்றாக உட்புகும். ஐதரசனும் இருகாபனேற்றும் எங்கிருந்து வந்தன? சுவாசத்திற் கழிவாகும் காபனீரொட்சைட்டு நீரோடு சேர்ந்து பிரிவதால் வந்தவை. எறிய வேண்டிய கழிவையே விலையாகக் கொடுத்து உப்பை வாங்கும் இச்சிக்கனத்தை, யாழ்ப்பாணத்தார் மெச்சாமல் வேறு யார் மெச்சுவர்!

ஆனால் இறைப்பு இலவசமன்று. துலா மிதித்த காலத்தில் வயிற்றுக்குச் சோறு வேண்டியிருந்தது போல இதற்கும் சக்தி வேண்டும். நீரின் உப்பு தன் குருதியின் சமநிலையை விட்டு எவ்வளவுக்கு விலகுகிறதோ, அவ்வளவுக்கு வளர்ச்சிக்குரிய உணவு இறைப்புக்குச் செலவாகும். ஓடு கழற்றும் வேளையில் இடர் மேலும் பெருகும். பழைய ஓட்டைக் கழற்றிய இறால் நீரை உறிஞ்சி உடலைப் பெருப்பிக்கும். புதிய ஓடு இறுகும் வரை சவ்வு மெத்தென்று இருக்கும். அந்நேரத்தில் உவர் சடுதியாக மாறினால், வலிமையுள்ள இறாலும் தாங்காது.

சடுதி என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்கிறோம். நீர் மாறியதும் முதலில், உள்ள நொதியங்களே கூடிய வேகத்தில் இயங்கிச் சமாளிக்கும். இன்னும் கூடுதலான இறைப்பான்களை உண்டாக்கிக்கொள்ளப் பல நாட்கள் வேண்டும். இதற்கிடையே கலங்கள் வீங்காமலும் சுருங்காமலும் இருக்கும்படி, கலத்துள் உள்ள கிளைசீன், அலனீன், புரோலீன் முதலிய அமினோ அமிலங்கள் நீர் உவரும்போது கூட்டியும் நன்னீராகும்போது குறைத்தும் வைக்கப்படும். உவர்நீரிற் பிடித்த இறால் இனிப்பதற்கு இக்கிளைசீனே பெருங்காரணம். மழைவெள்ளத்திற் பிடித்த இறால் கூழுக்குச் சப்பென்றிருக்கும் என்று வீட்டிற் சொல்வார்கள். நாம் சைவபோசனம் உண்பவராதலின் இவ்விடயத்திற் சாட்சி சொல்லும் தகுதி நமக்கில்லை.

இனி, ஏரி முழுவதும் நன்னீராகிவிட்டால் நன்னீர் இறாலை விட்டு வளர்க்கலாமே என்று கேட்போர் உளர். ‘நீருக்கு ஏற்ற இறால்’ என்று கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். நன்னீர் இறாலுட் பெரியது, ஆண் இறாலுக்கு நீண்ட நீலநிறக் கால்கள் உடையது, ஓரடிக்கும் மேல் வளரக்கூடியது. அதன் பழைய முன்னோர் கடலில் வாழ்ந்தோர். நன்னீருக்குக் குடிவந்தபோது அது குருதியின் உப்பையே குறைத்துக்கொண்டது. ஆயிரத்துக்கு 15 முதல் 18 பங்கு உப்புள்ள நீரோடுதான் அதன் குருதி சமநிலையடையும். செறிவு வேறுபாடு குறைந்தாற் கசிவும் குறையும், இறைப்பும் குறையும். உடற்சவ்வும் எளிதில் ஊறவிடாதது. எனினும் முழு விடுதலை கிடைக்கவில்லை. நன்னீரில் வாழும் சில நண்டினங்களின் உறவினர் உப்பை மீட்டுவிட்டு நீரை மாத்திரம் சிறுநீராகக் கழிக்கும் ஆற்றல் பெற்றுள்ளன. நன்னீர் இறால்களுட் பெரும்பாலானவற்றுக்கு அவ்வாற்றல் இல்லை. கழிக்கும் நீரோடு குருதியின் அளவு உப்பும் போகும். போனதைப் பூவே மீட்க வேண்டும்.

அதனினும் பெரிய செய்தி அதன் குழந்தைப் பருவத்தில் உள்ளது. தாய் இறால் முட்டைகளை வயிற்றின் அடியிற் சுமார் மூன்று கிழமை சுமந்து திரியும். செம்மஞ்சள் நிறமான முட்டை சாம்பல் நிறமாக மாறும்போது பொரிக்கும் காலம் நெருங்கும். அக்காலத்தில் தாய் ஆற்றின் வழியே கழிமுகம் நோக்கி இறங்குகிறது. ஏனெனில், பொரிக்கும் குடம்பிகள் உவர்நீர் கிடைக்காவிடின் சில நாளில் மடியும். தலைகீழாகவும் வால் முன்னாகவும் நீந்தும் அக்குடம்பிகள் பதினொரு பருவங்களைக் கடக்க, ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பங்கு அளவிலான உப்புநீர் மிகப் பொருந்தும். பூவின் உப்பிறைப்பு முறை முதிர்ந்து, இறாலின் உருவம் பெற்ற பின்னரே அவை நன்னீரை நோக்கி ஏறும்.

நெடுங்காலம் இவ்வுண்மை தெரியாமையால் இவ்விறாலை வளர்க்க முயன்றோர் தோல்வியுற்றனர். தாய் நன்னீரில் வாழ்கிறது, ஆதலால் பிள்ளையும் நன்னீரில் வாழும் என்று எண்ணியமையே காரணம். 1960களின் தொடக்கத்தில் பினாங்கிலுள்ள குளுகோரில் பணியாற்றிய ஷாவோ-வென் லிங் என்பவரே குடம்பிக்கு உப்பு வேண்டும் என்பதைக் கண்டறிந்தார். 1965இல் மலேசியாவிலிருந்து கொண்டுசென்ற இறால்களைக் கொண்டு ஹவாய்த் தீவில் தகுஜி புஜிமுரா பெருந்தொகையாகக் குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்தார். இன்று உலகில் நடைபெறும் நன்னீர் இறால் வளர்ப்புக்கெல்லாம் வேர் இவர்கள் இருவரின் பணியாகும்.

நம் நாட்டிலும் இக்குஞ்சுகள் பொரிப்பகங்களில் உவர்நீரில் வளர்க்கப்பட்டு, குளங்களில் விடப்படுகின்றன. வன்னிக் குளங்களில் அவை நன்கு பெருக்கின்றன. நல்ல விலையும் போகின்றன. ஆனால் குளத்து இறாலுக்குக் குளத்தில் வம்சமில்லை. முட்டை பொரித்தாலும் உப்பில்லை, உப்புக்குச் செல்ல வழியில்லை. ஆதலால் பிடித்துத் தீர்ந்ததும் மீண்டும் குஞ்சு வாங்கி விட வேண்டும். வாங்கிவிடும் வரை இலாபம், நிறுத்தினால் சூனியம்.

ஆகவே கதவை முற்றாக மூடி ஏரியை நன்னீராக்கி, கடலிறாலுக்குப் பதில் நன்னீர் இறாலை வைப்போம் என்னும் யோசனை, தொழிலாளியைப் பொரிப்பகத்தின் தயவில் நிறுத்துவதாகும். அவன் வலையில் இப்போது விழும் இறாலுக்கு ஒருவரும் குஞ்சு வாங்கி விடவில்லை. தாய் இறால் கடலில் முட்டையிட, குஞ்சு சில கிழமையில் ஏற்று வெள்ளத்தோடு இரவில் ஏரிக்குள் புகுந்து, வளர்ந்து, மழைவெள்ளத்தோடு கடலுக்குத் திரும்புகிறது. ஒன்று கடலிற் பிறந்து ஏரிக்கு வருவது. மற்றது ஏரியில் வாழ்ந்து உவருக்கு இறங்குவது. திசை வேறு, இரண்டுக்கும் வேண்டுவது வழி.

கதவை எக்காலமும் திறந்து வை என்பதும் நமது கட்சியன்று. கிணறு உவராகி, மிளகாயும் வெங்காயமும் பொய்த்த வீட்டின் துயரத்தை நாம் நம் மாணாக்கர் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம். ஆனால் கதவென்பது திறக்கவும் மூடவும் ஆனது, சுவரன்று. மாரியின் முதல் வெள்ளத்தை ஒரே நாளில் திறந்து விடாமற் சிறிது சிறிதாகத் திறந்தால், ஏரியின் உவர் மெல்ல மாறும். இறாலின் பூவுக்கும் இறைப்பான்களைக் கூட்ட நாள் கிடைக்கும். வெள்ளம் வெளியே ஓடும் இரவுகளில் வளர்ந்த இறாலுக்குப் போக வழி இருக்கும். அந்நேரத்தில் கடல்நீர் உள்ளே வராது, கமக்காரனுக்கும் நட்டமில்லை. குஞ்சு உள்ளே வருவதற்குத்தான் பேரம் வேண்டும். கடல்நீர் வராமற் குஞ்சு வராது. எந்த மாதத்தில், எத்தனை இரவு, எவ்வளவு அகலத்தில் என்பதைக் கணிக்கக் கிணற்று உப்பையும் ஏரி உப்பையும் வலையில் விழும் இறாலையும் ஒரே பதிவேட்டிற் கிழமைதோறும் குறிக்க வேண்டும். அது பள்ளிக்கூடப் பிள்ளைகளாலும் இயலும் வேலை. குழாயும் ஒரு போத்தல் மருந்தும் போதும்.

வேறு நாடுகளில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டுமிடத்து, ஏறும் இறாற்குஞ்சுக்காக நீர் கசியும் கரடான சரிவொன்றை ஓரத்தில் விடுவதுண்டு. நகம் அளவான அக்குஞ்சுகள் இரவில் ஈரக்கல்லைப் பற்றிப் பற்றி, நீருக்கு வெளியேயும் ஏறிச் செல்லும். தொண்டைமானாற்றில் மாணாக்கர் இதைக் கேட்டதும் கதவடியிற் குனிந்து நெடுநேரம் தேடினர். ஏறும் குஞ்சு எதுவும் அகப்படவில்லை. கல்லிடுக்கில் இரண்டு நண்டு மாத்திரம் இருந்தன. கதவிற்கு மேலே அதற்குள் வெயில் ஏறிவிட்டது.